அரசாணிக்காய்க்குக் கழுத்து இல்லை

நவம்பர் 3, திங்கள்

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று முன்பே சொன்னவன் நான். பாப்பா மாதக் கணக்கெல்லாம் பார்க்க மாட்டாள், முந்திக்கொண்டு வந்துவிடுவாள் என்று ஆடியிலேயே சொன்னேன். பெண்தான் என்றேன். பிறக்கும்போது மழை பெய்யும் என்றேன். மழை மறுநாள் பெய்தது. அது மேகம் செய்த தாமதம், என் பேச்சில் குறை இல்லை.

பாப்பா என் தங்கை கலாமணியின் மகள். கல்யாணமாகிப் பல வருடம் கழித்துப் பிறந்தவள். புரட்டாசியில் கையளவு இருந்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, ஒயரும் குழாயுமாக வளர்த்தார்கள். இப்போது இரண்டு கிலோவைத் தாண்டிவிட்டாள். வால்பாறை எஸ்டேட்டில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை ரங்கராஜ் வீட்டில் தொட்டில் கட்டி வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்.

இன்று டாக்டர் மிருதுளா எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார். "வால்பாறை வரைக்கும் மலைப்பாதை, அத்தனை வளைவு. மடியில வெச்சுட்டுப் போகக் கூடாது. குழந்தைங்களுக்குன்னு இருக்கற கார் சீட்ல கட்டித்தான் கூட்டிட்டுப் போகணும். ஆனா மாசத்துக்கு முன்னால பிறந்த குழந்தை, அந்த சீட்ல ரொம்ப நேரம் உக்காந்தா மூச்சு சரியா இருக்குமான்னு இங்கயே உக்கார வெச்சுப் பார்க்கணும். அதுல பாஸானா வீட்டுக்குப் போகலாம்."

கார் சீட்டா? என்னிடமா? கோயம்புத்தூரில் ஓடுகிற கார்களில் பாதி, உக்கடத்தில் இருக்கும் என் சீட் உறைக் கடைத் தையல்மேல்தான் உட்கார்ந்து போகிறது. மீதிப் பாதி என்னிடம் வராததற்காக வருந்திக்கொண்டு போகிறது. படிப்பு எட்டாம் வகுப்புதான். ஆனால் இரண்டு தடவை படித்தேன். எட்டும் எட்டும் பதினாறு, அது ஏறக்குறைய எம்.ஏ.

"டாக்டர், சீட்டை எங்கிட்ட விடுங்க. நீங்க மூச்சைப் பாத்துக்குங்க" என்றேன்.

கலாமணி என் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தாள். சின்ன வயதிலிருந்து அதே இழுப்பு.

நவம்பர் 5, புதன்

சீட் வாங்கியாகிவிட்டது. சாம்பல் நிறம். பிரம்புக் கூடைக்குக் கைப்பிடி வைத்தது போல இருக்கிறது. கூடவே ஒரு புத்தகம், பதினாறு பாஷையில். தமிழ் இல்லை. நான் படத்தைப் பார்த்தே படித்துவிட்டேன். ஒரு படத்தில் குழந்தையின் முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து, மேலே பெரிய பெருக்கல் குறி போட்டிருந்தான். அது எதற்கென்று தெரியவில்லை. அச்சுப்பிழையாக இருக்கும்.

மாப்பிள்ளை போன் செய்தார்.

"ஏனுங் மச்சான், இத்தன ரோதன எதுக்குங்? காது குத்தறப்ப உங்க மடிலதான உக்காரப் போறா? அந்த மடிலயே வெச்சு ஊட்டுக்குக் கூட்டியாந்தா ஆகாதுங்ளா?"

எனக்கும் உள்ளுக்குள் அதே எண்ணம்தான். தாய்மாமன் மடியைவிட ஒரு சீட்டா? ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை.

"மாப்ள, பிரேக் அடிச்சா உங்க மச்சான் முன்கண்ணாடில இருப்பன். மடியும் கூடவே வரும். பெங்களூர் எஞ்சினியர் வில்பிரட் சார் எங்கிட்ட தெளிவாச் சொல்லிட்டாருங்."

"அது யாருங் வில்பிரட் சார்?"

கார்களைச் சுவரில் மோதவிட்டு சீட்டுகளைச் சோதிப்பவர், கண்காட்சியில் எனக்குப் பழக்கமானார், ஆறடி உயரம், கழுத்தில் டை, என்னைக் கேட்காமல் எதற்கும் கையெழுத்துப் போட மாட்டார் என்றேன். மாப்பிள்ளை அடங்கிவிட்டார். எஞ்சினியர் என்றால் எஸ்டேட்டில் ஒரு மரியாதை உண்டு.

நவம்பர் 7, வெள்ளி

என் பழைய வெள்ளைக் காரின் பின்சீட்டில் பொருத்தினேன். முதலில் முன்னால் பார்க்கும்படி வைத்தேன். அப்புறம்தான் படத்தைக் கவனித்தேன். பிஞ்சுக் குழந்தை காரின் பின்பக்கத்தைப் பார்த்துத்தான் உட்கார வேண்டுமாம்.

வீட்டுக்குப் போகிற பிள்ளை, போகிற திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டா போவாள்? மனசு ஒப்பவில்லை. சீட்டுக்குப் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பின்கண்ணாடி வழியாக உக்கடம் சாலை மெதுவாக நழுவுவது போலத் தெரிந்தது, கார் நின்றுகொண்டிருந்தபோதே. நமக்கெல்லாம் வரப்போவது தெரிகிறது, அதனால் பயம். பாப்பாவுக்கு வந்துபோனது மட்டும்தான் தெரியும். மரம், பாலம், லாரி, எல்லாம் அவளைத் தாண்டிய பிறகு பெரிதாகத் தோன்றி, சின்னதாகி, புள்ளியாகி, இல்லாமல் போகும். அப்படி ஒரு பயணம் எனக்கும் கிடைத்தால் தேவலை என்று தோன்றியது.

பெல்ட்டைக் கோத்து, முழங்காலால் சீட்டை அழுத்தி, பெல்ட்டை இழுத்து இறுக்கினேன். பக்கவாட்டில் பிடித்து ஆட்டினேன். விரல் அகலம்கூட அசையவில்லை.

பிறகு சோதனை. சந்தையில் அரசாணிக்காய் ஒன்றைப் பொறுக்கினேன், வெளியூரில் பரங்கிக்காய் என்பார்களே, அதுதான். கடைக்காரி, "ஏனுங், கொழம்புக்குன்னா பெருசா எடுங்" என்றாள். "இது கொழம்புக்கில்ல ஆத்தா, வால்பாறைக்கு" என்றேன். காய் சரியாகப் பாப்பாவின் எடை. அதற்கு ஒரு கம்பளித் தொப்பி மாட்டி, சீட்டில் வார் பூட்டி, குளத்துக் கரையோரம் ஓட்டிக்கொண்டு போனேன். சாயங்காலம். தண்ணீரின் மேல் மூட்டம். தொப்பி போட்ட அரசாணிக்காய் பின்னால் போகிற ஊரைப் பார்த்துக்கொண்டே வந்தது. ஒரு பிரேக் அடித்தேன். அசையவில்லை. இன்னொன்று. அசையவில்லை. பக்கத்தில் பைக்கை நிறுத்திய ஒருவர் எட்டிப் பார்த்து, "கொழந்த நல்ல கலர்" என்றார். நான் நன்றி சொன்னேன்.

நவம்பர் 9, ஞாயிறு

கம்பெனிக்காரனுக்குத் தையல் தெரிகிறது, மெத்து தெரியவில்லை. உள்ளே கை வைத்துப் பார்த்தால் பலகை. என் தங்கை மகள் பலகைமேல் மலை ஏறுவதா?

நல்ல ஸ்பாஞ்சு எடுத்தேன். மந்திரி வண்டிக்காக வாங்கி வைத்தது. இரண்டு விரல் தடிமனில் அறுத்து, முதுகுக்குப் பின்னாலும் அடியிலும் வைத்து, கம்பெனி உறைக்கு உள்ளேயே தைத்து மூடினேன். வெளியே ஒரு நூல் தெரியாது. ஸ்பாஞ்சுத் தூள் கடை முழுக்கப் பறந்தது. வெயில் பட்டு, மேகத்தைக் கிழித்துக் காற்றில் விட்டது போல இருந்தது. நடுவில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தேன்.

கலாமணிக்குச் சொல்லவில்லை. வேலை பேசட்டும். வில்பிரட் சார் போனில், "குப்புராஜ், இது சீட் இல்லை, பூ" என்றார்.

நவம்பர் 11, செவ்வாய்

சீட்டை வார்டுக்குள் எடுத்துப் போனார்கள். என்னைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். பாப்பாவைச் சீட்டில் வைத்து வார் பூட்டினார்கள். பாதத்தில் ஒரு ஒயர் சுற்றினார்கள். அதற்குள் சிவப்பு விளக்கு. பாதம் முழுக்க உள்ளேயிருந்து சிவந்து ஒளிர்ந்தது. மின்மினியைக் கையில் மூடிப் பிடித்த மாதிரி.

ஒயர் போய்ச் சேரும் பெட்டியில் பச்சை எண்கள், ரத்தத்து ஆக்ஸிஜன் அளவு. தொண்ணூறுக்குக் கீழே போகக் கூடாதாம். நன்றாகத்தான் இருந்தது. பிறகு பாப்பா தூங்கிப்போனாள். தாடை மெல்ல மெல்ல இறங்கி மார்பில் படிந்தது. எண்களும் அவளோடு தூக்கத்தில் இறங்குவது போல இறங்கின. பெட்டி கத்தியது. நர்ஸ் ஓடி வந்து தலையை நிமிர்த்தினார். எண்கள் ஏறின. மறுபடி தூங்கினாள். மறுபடி இறங்கின. டாக்டர் போதும் என்று பாப்பாவை எடுத்துவிட்டார்.

"நுரையீரல் இன்னும் தேறலைன்னு நினைக்கறேன். இப்போ மலைக்கு அனுப்ப முடியாது. ரெண்டு வாரம் பார்ப்போம். வீட்டுக்கே ஆக்ஸிஜன் மெஷின் தேவைப்படலாம்."

கலாமணி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். "எம்மேலதாண்ணா தப்பு" என்றாள். "இன்னும் கொஞ்ச நாள் வயித்துல வெச்சிருந்தா மூச்சு நெறஞ்சிருக்கும். என்னால முடியாமப் போச்சு."

"அட போ கண்ணு" என்றேன். எனக்கு வார்த்தை வராத நாள் என்று இதைக் குறித்துக்கொள்ளலாம்.

ஸ்பாஞ்சுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. யாரும் கேட்கவில்லை. நானாக எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 12, புதன்

மழை. கடை திறக்கவில்லை.

நவம்பர் 13, வியாழன்

ஒரு டாக்ஸிக்கு ரெக்ஸின் உறை மாட்டிக் கொடுத்தேன். ஓட்டுநர் கோணலாக இருக்கிறது என்றார். இருந்தது. மறுபடி மாட்டினேன்.

மதியம் அரசாணிக்காயைச் சீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. எத்தனை உலுக்கினாலும் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அப்போதுதான் பார்த்தேன். அரசாணிக்காய்க்குக் கழுத்து இல்லை.

ஒரு சாத்துக்குடி எடுத்தேன். துண்டைச் சுருட்டி நடுவில் கழுத்து மாதிரி வைத்துத் தைத்து, அரசாணிக்காய்மேல் தலையாக நிறுத்தினேன். சீட்டில் வைத்தேன். சாத்துக்குடி கொஞ்ச நேரம் நின்றது. பிறகு யாரோ கூப்பிட்டுப் பதில் சொல்வது போல முன்னால் குனிந்தது. நிமிர்த்தினேன். குனிந்தது.

உறையைப் பிரித்தேன். ஸ்பாஞ்சை உருவினேன். உறையைப் பழையபடி மாட்டினேன். வைத்தேன். சாத்துக்குடி பின்னால் சாய்ந்து, மேலே கூரையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தது. ஸ்பாஞ்சை வைத்தேன், குனிந்தது. எடுத்தேன், சாய்ந்தது. இருட்டும்வரை இதையே செய்தேன். சாத்துக்குடிக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை.

அப்போது வில்பிரட் சார் போன் செய்தார்.

"குப்புராஜ், அரசாணிக்காய்க்குக் கழுத்து உண்டா?"

"இல்லீங் சார்."

"பாப்பாவுக்கு?"

"இருக்குதுங் சார்."

பிறகு போனுக்குள் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பெங்களூரிலும் மழை போல.

நவம்பர் 14, வெள்ளி

எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தயிர்சாதம் எடுத்துப் போனதால் முதலில் அதைக் கொடுக்க வேண்டியதாயிற்று.

கலாமணி பிசைந்துகொண்டே சொன்னாள். "அவரு எஸ்டேட்ல எழுதிக் குடுத்துட்டாருண்ணா. கீழ எங்கியாச்சும் மாத்தல் கேட்டு. கெடைக்காட்டி வேலைய உட்டர்றேங்கறாரு."

"எதுக்கு உடறது? நீயும் பாப்பாவும் நம்ம ஊட்லயே இருங்க. மாப்ள வாரம் ஒருக்கா வரட்டும்."

சொன்ன உடனே அது நல்ல யோசனையாகவே தெரிந்தது. வீட்டில் தொட்டில். கடைக்குப் போகும்போது ஒரு பார்வை, வரும்போது ஒரு பார்வை.

"எனக்கு என்ற ஊட்டுக்குப் போகோணும்ணா" என்றாள். "மேகம் வந்தா சன்னல் வழியா உள்ள வந்து போகும். புள்ள அதப் பாக்கோணும்னு எத்தன வருசம் நெனச்சிருப்பன். இப்ப நான் குடுத்த மூச்சே அவளுக்குப் பத்தலீன்னு ஆயிப்போச்சு."

அழவில்லை. சாதத்தை மட்டும் பிசைந்துகொண்டே இருந்தாள். அது சாதமாகவே இல்லாமல் போகும்வரை.

நான் தயிர்சாதம் கொண்டுபோன தூக்குப்போசியைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நவம்பர் 17, திங்கள்

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

டாக்டர் மிருதுளாவின் அறைக்குத் தனியாகப் போனேன். "டாக்டர், சீட்டுக்குள்ள எச்சா ஸ்பாஞ்சு இருக்குதுங். கம்பெனிக்காரன் பண்ணுன தப்பு. பெங்களூர் எஞ்சினியர் ஒருத்தர் போன்ல சொன்னாரு. அத எடுத்துட்டு மறுக்கா ஒருதடவ உக்கார வெச்சுப் பாத்தர்லாமுங்" என்றேன்.

டாக்டர் பேனாவை வைத்தார்.

"கம்பெனி வெச்சதை நீங்க எடுக்கக் கூடாதுங்க. எடுத்தா அந்த சீட்டையே நம்ப முடியாது. அதுல குழந்தைய வெச்சு டெஸ்ட் பண்ண மாட்டேன். அந்த எஞ்சினியர் எங்கிட்ட பேசட்டும். இல்லன்னா ரெண்டு வாரம் கழிச்சு வேற சீட்ல பார்க்கலாம். அதுவரைக்கும் ஆக்ஸிஜனுக்கு ஏற்பாடு பண்ணிக்குங்க."

இரண்டு வாரம். கலாமணி பெஞ்சில் உட்கார்ந்தபடி தான் கொடுத்த மூச்சைத் தானே திட்டிக்கொள்ள இன்னும் இரண்டு வாரம்.

அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டு வில்பிரட் சார் உள்ளே வந்தார்.

நேரில் வருவார் என்று நானே எதிர்பார்க்கவில்லை. மழையில் வந்திருப்பார் போல, அவரைச் சுற்றி லேசாகப் புகைமூட்டம் இருந்தது. ஆறடி என்று நினைத்திருந்தேன். என் உயரம்தான். டை இல்லை. சட்டையில் என் சட்டையைப் போலவே ஸ்பாஞ்சுத் தூள். ஆள்காட்டி விரலில் ஊசி குத்திய காயத்துக்கு பிளாஸ்திரி. நாற்காலி இருந்தும் உட்காரவில்லை.

"டாக்டரம்மா" என்றார், "கம்பெனிமேல தப்பில்லீங். ஸ்பாஞ்சு வெச்சது இந்தக் குப்புராஜ்தானுங். மெத்துன்னு இருக்கட்டும்னு ஆரயும் கேக்காம உள்ள வெச்சுத் தெச்சுப்போட்டான். அதுல முதுகு முன்னால தள்ளித் தல குனிஞ்சுபோச்சுங். புள்ளைக்கு ஒண்ணுமில்லீங். பெத்தவளுக்கும் ஒண்ணுமில்லீங். அவகிட்ட அத முதல்ல சொல்லிப் போடுங். மத்ததெல்லாம் பொறகு பாத்துக்கலாம்."

நிறுத்தி நிதானமாகச் சொன்னார். குரல் ஒரே ஒரு இடத்தில் மட்டும் உடைந்தது. படித்தவர்களுக்கும் அப்படி ஆவது உண்டு.

டாக்டர் எழுந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது. "விளையாட்டா இது? முதுகுக்குப் பின்னால ஒரு துண்டுத் துணி கூட வைக்கக் கூடாது. நான் நுரையீரல்னு நெனச்சு எங்கயோ போயிட்டிருக்கேன். அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருக்கோணுமுங்" என்றார் வில்பிரட் சார்.

டாக்டர் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இப்பவாவது வந்து சொன்னீங்களே" என்றார் டாக்டர். "அந்த சீட் வேண்டாம். பிரிச்சுத் தெச்சது. புதுசா ஒண்ணு, பெட்டி பிரிக்காம கொண்டு வாங்க. என் முன்னால பிரிங்க. புதன்கிழமை பார்க்கலாம்."

பிறகு டாக்டரே வெளியே போய்க் கலாமணியிடம் பேசினார். நான் அறைக்குள்ளேயே நின்றேன். வில்பிரட் சார் எப்போது போனார் என்று கவனிக்கவில்லை.

கலாமணி இன்று என்னிடம் பேசவில்லை. வில்பிரட் சார்மேல் கோபமாக இருக்கும்.

நவம்பர் 19, புதன்

புதுச் சீட். பெட்டியோடு. டாக்டர் முன்னால் கத்தரியை நர்ஸ் கையில் கொடுத்துவிட்டு நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். வார்களைத் தோளுக்குச் சரியாக இறக்கினார்கள். பக்கவாட்டில் மட்டும் துணியைச் சுருட்டி வைத்தார்கள். முதுகுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. அது பலகை மாதிரித்தான் இருந்தது.

பாதத்தில் சிவப்பு விளக்கு. தூங்கினாள். தலை பின்னால் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்திருந்தது. எண்கள் ஒரே இடத்தில் மிதந்தன, காற்றில்லாத நாளில் குளத்து ஆகாயத்தாமரை மாதிரி. பயணத்துக்கு ஆகும் நேரம் முழுக்க உட்கார வைத்திருந்தார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் மூச்சு விட்டேனா என்று ஞாபகம் இல்லை.

பெட்டி கத்தவே இல்லை.

டாக்டர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். கலாமணி சுவரில் சாய்ந்து கீழே உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "கொற நான் குடுத்த மூச்சுல இல்லீண்ணா" என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் அண்ணா என்றாள்.

நவம்பர் 22, சனி

மாப்பிள்ளை வண்டி ஓட்டினார். கலாமணி முன்சீட்டில் ஏறப் போனவள், நின்று திரும்பி, "நீ முன்னால உக்காரு. நான் புள்ளகிட்ட உக்காந்துக்கறேன்" என்றாள். பிறகு என்ன நினைத்தாளோ, "வேண்டா, நீயே பின்னால உக்காரு. தல குனியுதான்னு பாத்துட்டே வா. உனக்குத்தான் அது தெரியும்" என்றாள். குத்தலா, அனுமதியா என்று கேட்கவில்லை. ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

ஆழியாறில் நிறுத்தி, வார் கழற்றி, பாப்பாவை எடுத்துப் பால் கொடுத்தாள். மறுபடி கட்டும்போது மாப்பிள்ளை, "பத்திரமுங் மச்சான். ஏதாச்சும் உள்ள வெச்சுடப் போறீங்க" என்றார். மூன்று பேரும் சிரித்தோம். எனக்குத்தான் சிரிப்பு நிற்க நேரமாயிற்று.

மலை ஏறினோம். வளைவுக்கு வளைவு சமவெளி பின்கண்ணாடியில் ஒருதரம் வலமாகவும் ஒருதரம் இடமாகவும் சாய்ந்தது. அணை ஒரு வெள்ளித் தட்டாகி, பொட்டாகி, காணாமல் போனது. பாப்பா விழித்துக்கொண்டாள். போகிற ஊரை அவள் பார்க்கவில்லை. விட்டுவந்த ஊரும் அவளுக்கு ஒரு பொருட்டில்லை. எதிரே நான் இருந்தேன். என்னைத்தான் பார்த்தாள். பிறகு மேகம் வந்து ஜன்னலை மூடியது. மாப்பிள்ளை விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாக ஓட்டினார். வண்டி நகர்கிறதா, மலை நகர்கிறதா, தெரியவில்லை. வெள்ளைக்குள் நாங்கள் நாலு பேரும் ஒரு கண்ணாடிப் பெட்டியில் படுத்து யாரோ பார்த்துக்கொண்டிருப்பது போல இருந்தது. தலை குனியவில்லை. ஒவ்வொரு வளைவிலும் பார்த்தேன். குனியவில்லை.

வீட்டு வாசலில் ஆரத்தி எடுத்தார்கள். நான் சீட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கலாமணி பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"அந்த எஞ்சினியரு அன்னிக்கு டாக்டர் ரூமுக்கு வந்தாருன்னு என்ற ஊட்டுக்காரருகிட்டச் சொன்னியாமா?"

"ஆமா. வந்தாரு."

"நான் கதவுக்கு வெளியதாண்ணா நின்னுட்டிருந்தன். பேசுனது கேட்டுச்சு."

நான் பெல்ட்டைச் சுருட்டினேன். சுருட்டியதைப் பிரித்து மறுபடி சுருட்டினேன்.

"நல்ல மனுசன்" என்றாள். "பெத்தவளுக்கு ஒண்ணுமில்லீன்னு சொன்னாரு பாரு, அங்க குரல் ஒடஞ்சுது. எனக்கு அது போதும்ணா." பாப்பாவை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். சீட் இல்லாமல், வார் இல்லாமல் பாப்பா என்னிடம் வருவது அதுதான் முதல் தடவை.

நவம்பர் 23, ஞாயிறு

வால்பாறையில் விடிந்தது. மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிட்டுப் போனது. பாப்பா பார்த்தாள்.

இந்த நாட்குறிப்பில் கொஞ்சம் கூட்டியும் எழுதியிருக்கிறேன். பைக்கில் வந்தவர் "நல்ல கலர்" என்றது உண்மை. மந்திரி வண்டி என்றது உள்ளூர் கவுன்சிலர் வண்டி. அதெல்லாம் சில்லறை. ஒன்றை மட்டும் அப்படியே விட முடியவில்லை. பெங்களூர் எஞ்சினியர் வில்பிரட் சார் என்று ஒருவர் கிடையாது. அன்று அந்த அறையில் டாக்டரும் நானும் மட்டும்தான் இருந்தோம்.